மேடை வைத்திருப்பவர்களுக்கு

இசை விழாக் குழுவினருக்கும், சிற்றரங்குகள் நடத்துகிறவர்களுக்கும், வார இறுதியில் பாட்டுக் கச்சேரி வைக்கும் விடுதிக்காரர்களுக்கும், கல்லூரிக் கலைவிழாப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

நாட்டுப்புற மெட்டுகளின் வழியில் சொந்தமாகப் பாட்டுக் கட்டி, ஒரு கிட்டாரோடு தனியே வந்து பாடுகிற ஆள் நான். எனக்குப் பின்னால் இசை நிறுவனம் கிடையாது, மேலாளர் கிடையாது. உங்கள் மெயிலுக்குப் பதில் எழுதுவதும் பெட்டியைத் தூக்கி வருவதும் மேடையேறுவதும் நான்தான். என்னைப் போன்றவர்கள் எல்லா மொழிகளிலும் இருக்கிறார்கள். அவர்கள் எல்லோருக்காகவும் பேச யாரும் என்னை அனுப்பவில்லை. ஆனால் நிகழ்ச்சி முடிந்த இரவுகளில் நாங்கள் எங்களுக்குள் பேசிக்கொள்வது உங்கள் காதுக்கு வருவதே இல்லை. அடுத்த நிகழ்ச்சி கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயத்தில் உங்களிடம் சிரித்துக் கைகுலுக்கிவிட்டுப் போய்விடுகிறோம். அந்தப் பேச்சைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சொல்ல வருவது ஒன்றே. எங்கள் தொழில் இன்று உங்கள் மேடையில்தான் நிற்கிறது. ஒரு பாடகர் இன்னும் பத்து வருடம் பாடுவாரா, அடுத்த வருடமே கிட்டாரை விற்றுவிட்டு வேறு வேலைக்குப் போவாரா என்பதைத் தீர்மானிக்கும் இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள். உங்களில் பலருக்கு இது தெரியாது என்றே நினைக்கிறேன். தெரிந்திருந்தால் சில விஷயங்களை இவ்வளவு அசட்டையாக நடத்த மாட்டீர்கள்.

"பாட்டைப் பதிவு செய்து இணையத்தில் போட்டுவிட்டால் காசு வருமே" என்று நீங்கள் கேட்கலாம். 2024 முதல், இணையத்தில் பாட்டுக் கேட்க வைக்கும் ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு முந்தைய பன்னிரண்டு மாதங்களில் 1,000 முறையாவது கேட்கப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் அந்தப் பதிவுக்கு ஒரு காசும் கணக்கில் ஏறாது. பெரிய பாடகருக்கு ஆயிரம் என்பது சில நொடிகள். ஒரு சின்ன மொழியில், ஒரு வட்டாரத்து வழக்கில், நான்கு நிமிடத்துக்குக் கதைப்பாட்டு எழுதுகிறவருக்கு அது ஒரு வருட உழைப்பு. எங்களுக்கு ஓரளவு கைகொடுத்தது, கலைஞர்கள் தங்கள் பாட்டை நேராக விற்கும் இணையத்தளமான பேண்ட்கேம்ப். பெருந்தொற்று தொடங்கி மேடைகள் எல்லாம் மூடிக்கிடந்த 2020 மார்ச்சில், ஒரு வெள்ளிக்கிழமை தன் பங்கை எடுத்துக்கொள்ளாமல் வந்த பணத்தைக் கலைஞர்களுக்கே விட்டது. பிறகு அதைப் பல வெள்ளிக்கிழமைகளுக்குத் தொடர்ந்தது. அந்த நிறுவனமும் 2022இல் ஒருமுறை, 2023இல் மறுமுறை எனக் கைமாறியது. இரண்டாம் முறை ஊழியர்களில் பாதிப்பேர் வெளியே அனுப்பப்பட்டார்கள். இணையத்தில் எங்களுக்குக் கிடைக்கும் இடம் எதுவானாலும், அதன் சாவி வேறு யாரிடமோ இருக்கிறது.

அதனால் மேடைக்கு வருகிறோம். யோசித்துப் பார்த்தால் எங்கள் வழியில் வந்தவர்களுக்கு எப்போதும் மேடைதான் முதலாக இருந்திருக்கிறது. கனடாவின் லொரீனா மெக்கென்னிட் டொரண்டோ நகரின் சந்தை வாசலில் யாழ் மீட்டிப் பாடியவர். 1985இல் சொந்தமாக ஒரு இசை நிறுவனம் வைத்துக் கேசட் வெளியிட்டு, கேட்டவர்களிடம் நேராக விற்றார். அமெரிக்கப் பாடகி ஆனி டிஃப்ராங்கோ 1990இல் தன் நிறுவனத்தைத் தொடங்கியபோது அவர் கையில் இருந்ததும் கேசட்டுகளும் ஊர் ஊராகப் பாடும் பயணமும்தான். இருவரும் பின்னால் பெரிய பெயர் ஆனார்கள், ஆனால் பதிவுகளின் உரிமையைக் கைவிடவில்லை. அவர்களால் அப்படி நிற்க முடிந்ததற்குக் காரணம், கேட்டவர்கள் பாட்டு முடிந்ததும் மேசைக்கு வந்து கேசட் வாங்கினார்கள் என்பதுதான். ஆல்பத்துக்கு விளம்பரமாக மேடை இருந்தது என்று இதைச் சொல்ல முடியாது. மேடையில் கேட்டதை வீட்டுக்கு எடுத்துப் போக ஒரு வழியாக ஆல்பம் இருந்தது.

இப்போது பணத்துக்கு வருகிறேன். இதைப் பேசத்தான் எல்லோரும் கூசுகிறோம். நீங்களும் கூசுகிறீர்கள்.

புறநானூற்றில் பெருஞ்சித்திரனார் அதியமானைத் தேடிக் குன்றும் மலையும் கடந்து போகிறார். அவன் அவரை நேரில் பார்க்காமலே பரிசிலைக் கொடுத்தனுப்புகிறான். புலவர் வாங்க மறுக்கிறார். என்னைக் காணாமல் தந்த பொருளை வாங்கிப்போக நான் வாணிகப் பரிசிலன் அல்லேன் என்கிறார். தகுதி அறிந்து அன்போடு தந்தால் தினை அளவே ஆனாலும் இனிது என்றும் சொல்கிறார். பொருள் வேண்டும் என்று சொல்ல அவர் வெட்கப்படவே இல்லை, அதற்காகத்தான் அத்தனை தூரம் நடந்து வந்திருக்கிறார். எந்த முறையில் தரப்படுகிறது என்பதில்தான் அவருக்குக் கோபம். எங்களுக்கும் அப்படியே. தொகை சின்னதாக இருக்கலாம். அது என்ன என்பதை நிகழ்ச்சிக்கு முன்பே சொல்லுங்கள், எழுத்தில் சொல்லுங்கள், என்றைக்குக் கையில் வரும் என்பதையும் சொல்லுங்கள்.

"வாங்க, பார்த்துக்கலாம்" என்ற வார்த்தையை நம்பி நாங்கள் எத்தனையோ வண்டி ஏறியிருக்கிறோம். ஒரு விழாவில் நான் பாடி இறங்கியபோது பொறுப்பாளர் மறைந்துபோனார். போன் எடுக்கவில்லை. ஒலிபெருக்கிக்காரருக்கும் பந்தல்காரருக்கும் அன்று இரவே பணம் போயிருந்தது. அவர்களுக்குக் கொடுத்தது சரிதான், அவர்களும் உழைத்தவர்கள். ஆனால் அந்த மேடையில் ஒலிபெருக்கி எதற்காக வந்தது, பந்தல் எதற்காக வந்தது என்று நினைத்துப் பாருங்கள். அந்த விழாவின் செலவுப் பட்டியலில் பாடியவருக்கு ஒரு வரியே இருக்கவில்லை.

"உங்களுக்கு இது நல்ல வெளிச்சம்" என்பது இன்னொரு வார்த்தை. புதிதாகப் பாட வருகிறவருக்கு அதில் உண்மை இருக்கலாம், நான் மறுக்கவில்லை. நல்ல அரங்கில், கேட்க வந்த கூட்டத்தின் முன், தெரிந்தே ஒருமுறை சும்மா பாடுவது ஒருவரின் விருப்பம். ஆனால் டிக்கெட் விற்கும் நிகழ்ச்சியில், விளம்பரதாரர் பெயர்கள் பின்திரை முழுக்கத் தொங்கும் மேடையில், பாடுகிறவர் மட்டும் வெளிச்சத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும் என்பது என்ன நியாயம்?

அமெரிக்காவின் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழா இதை எப்படிச் செய்தது என்று பாருங்கள். 1959இல் தொடங்கி, நடுவில் நின்று, 1963இல் லாப நோக்கற்ற அமைப்பாக மீண்டும் எழுந்தபோது ஒரு விதி வைத்தார்கள். பாடுகிற ஒவ்வொருவருக்கும் 50 டாலர், அதோடு பயணம், தங்குமிடம், சாப்பாடு. நாடறிந்த பெயருக்கும் அதே 50, தன் ஊரைத் தாண்டி யாருக்கும் தெரியாத முதிய பாடகருக்கும் அதே 50. பெரிய பெயர்களால் வந்த டிக்கெட் பணத்தில்தான் முகம் தெரியாத பாடகர்கள் அந்த மேடைக்கு வந்து சேர்ந்தார்கள். எல்லா விழாவும் எல்லோருக்கும் சமமாகத் தர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அந்த ஐம்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை, யாரும் யாரிடமும் கெஞ்சவில்லை. விதி முன்பே தெரிந்திருந்தது. அந்த நிம்மதியோடு ஒருவர் மேடையேறும்போது குரலே வேறாக இருக்கும்.

டிக்கெட் வசூலில் பங்கு என்று பேசினால், எந்தச் செலவுகளைக் கழித்த பிறகு பங்கு என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். கடைசியில் கணக்கைக் காட்டுங்கள். கணக்கில் மிஞ்சியது கொஞ்சம்தான் என்றால் நாங்கள் புரிந்துகொள்வோம், காலி நாற்காலிகளை மேடையிலிருந்து நாங்களும்தான் பார்த்தோம். கணக்கே காட்டாமல் கையில் திணிக்கப்படும் உறைதான் மனதைப் புண்படுத்துகிறது.

"ஒரு மணி நேரம் பாடுவதற்கு இவ்வளவா" என்று கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்த ஒரு மணி நேரத்துக்காக முந்தைய நாள் கிளம்பியிருப்போம், அடுத்த நாள்தான் வீடு திரும்புவோம். பாடும் பன்னிரண்டு பாட்டில் ஒரு பாட்டு, இரண்டு வருடமாகத் திருத்தப்பட்டதாக இருக்கும். இன்னொன்று, ஒரு சரணத்தின் கடைசி அடி பிடிபடாமல் மாதக்கணக்கில் காத்திருந்ததாக இருக்கும். பிறர் பாட்டைப் பாடுகிறவருக்கு அந்தப் பாட்டை எழுதும் வேலை இல்லை. எங்களுக்கு எழுதுவதும் வேலை, பாடுவதும் வேலை. எழுதும் நாட்களுக்கு யாரும் சம்பளம் தருவதில்லை. மேடையில் கிடைப்பதுதான் அந்த நாட்களையும் தாங்க வேண்டும்.

பணத்தை விடவும் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. உங்கள் அரங்கில் பாட்டைக் கேட்க முடிகிறதா?

தனிப் பாடகரின் பாட்டு சொல்லில் நிற்பது. மெட்டு எளிமையானது, திரும்பத் திரும்ப வருவது. சொல் காதில் விழவில்லை என்றால் அந்தப் பாட்டில் மிச்சம் எதுவும் இல்லை. மூன்றாம் சரணத்தில் ஒருவர் இறந்துபோவது கேட்காமல் போனால், நான்காம் சரணத்தில் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடும்போது யார் மனம் அசையும்? முழு இசைக்குழுவால் சத்தத்தின் மேல் ஏறி நின்றுவிட முடியும். டிரம்மும் பேஸும் மனிதப் பேச்சை அமுக்கிவிடும். ஒரு குரலும் ஒரு கிட்டாரும் அதைச் செய்ய முடியாது.

கூடம் சத்தமாக இருக்கும்போது மேடையில் என்ன நடக்கிறது என்பதைச் சொல்கிறேன். ஒலிப் பொறியாளர் மைக்கை ஏற்றுகிறார். ஏற்றிய மைக் கிட்டாரையும் ஸ்பீக்கரையும் சேர்த்துப் பிடித்து ஊளையிடத் தொடங்குகிறது. அதை அடக்க அவர் சில அலைவரிசைகளை வெட்டுகிறார். குரல் மெலிந்து தகரமாகிறது. பாடுகிறவர் தொண்டையை இறுக்கிப் பாடத் தொடங்குகிறார். மென்மையான பாட்டை விட்டுவிட்டு வேகமான பாட்டுக்குத் தாவுகிறார். அன்று முதல்முறையாகப் பாட வைத்திருந்த புதுப் பாட்டைப் பட்டியலிலிருந்து மனதுக்குள்ளேயே அடித்துவிடுகிறார். பேச்சை முந்த அவர் சத்தத்தைக் கூட்ட, பாட்டை முந்தக் கூட்டமும் சத்தத்தைக் கூட்டுகிறது. இதில் யார் மேலும் கோபப்பட முடியாது. நண்பர்களோடு பேசத்தான் அவர்கள் வந்தார்கள், பாட்டு இருக்கும் என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. அதைச் சொல்லியிருக்க வேண்டியவர் நீங்கள்.

செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் 1982இல் தொடங்கிய புளூபேர்ட் கஃபே ஒரு சாதாரணக் கடைவரிசையில் இருக்கும் சின்ன இடம். தொண்ணூறு பேர் உட்கார்ந்தால் நிறைந்துவிடும். பாட்டெழுதுகிறவர்கள் தங்கள் பாட்டைத் தாங்களே பாடுவதற்காக இருக்கும் இடம் அது. அங்கே பேசினால் "ஷ்ஷ்" என்று வாயில் விரல் வைப்பார்கள். அதையே தங்கள் அடையாளமாக ஆக்கிக்கொண்டார்கள். உணவும் பானமும் அங்கேயும் விற்கிறார்கள். வியாபாரம் கெட்டுவிடவில்லை. அமைதிக்காகவே ஆட்கள் தேடி வருகிறார்கள். அதே நாட்டின் சரடோகா ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் 1960இல் தொடங்கிய கஃபே லேனாவும் அப்படித்தான், மாடியில் ஒரு சின்னக் கூடம். 1961இல் பெயர் தெரியாத இளைஞராகப் பாப் டிலன் அங்கே பாடியிருக்கிறார். அதை நடத்திய லேனா ஸ்பென்சர் 1989இல் இறக்கும்வரை அதிலிருந்து பெரிதாகச் சம்பாதிக்கவில்லை. ஆனால் அந்தக் கூடம் இன்றும் இருக்கிறது.

அமைதி என்றால் பெரிய கூட்டத்தில் முடியாது என்று நினைக்காதீர்கள். 1988 ஜூன் 11 அன்று லண்டன் வெம்பிளி மைதானத்தில் நெல்சன் மண்டேலாவின் 70ஆம் பிறந்தநாளுக்கு நடந்த நிகழ்ச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 70,000 பேர் கூடியிருந்தார்கள். ஸ்டீவி வொண்டரின் இசைக் கருவிக்குத் தேவையான வன்தட்டு காணாமல் போய், அவர் குறித்த நேரத்தில் மேடையேற முடியவில்லை. அந்த இடைவெளியை நிரப்ப, பகலில் ஏற்கெனவே பாடி இறங்கியிருந்த டிரேசி சாப்மனை மறுபடியும் அனுப்பினார்கள். கையில் ஒரு கிட்டார், முன்னால் ஒரு மைக், வேறு யாரும் இல்லை. சில ஆண்டுகளுக்கு முன்வரை தெருமுனையில் பாடிக்கொண்டிருந்த மாணவி அவர். மைதானம் கேட்டது, தொலைக்காட்சி வழியே உலகமும் கேட்டது. அவருடைய முதல் ஆல்பம் அதற்குப் பிறகுதான் பறந்தது. எல்லோரும் அவருடைய திறமையைப் பேசுகிறார்கள். அந்த நேரத்தில் மேடையின் மற்ற சத்தங்கள் எல்லாம் நின்று, அவருக்கு மட்டும் இடம் இருந்தது என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

உங்களிடம் நான் கேட்பது அந்த இடத்தைத்தான். தொடங்கும் முன் நீங்களே மேடையேறி, "இவர் தானே எழுதிய பாட்டுகளைப் பாடப்போகிறார், கேளுங்கள்" என்று இரண்டு வரி சொல்லுங்கள். பாடகர் சொன்னால் கெஞ்சுவதுபோல ஆகிவிடும், இடத்தின் சொந்தக்காரர் சொன்னால் அதற்கு மரியாதை உண்டு. பரிமாறுவதைப் பாட்டுகளுக்கு இடையே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். சத்தம் போடும் இயந்திரங்களை அந்த நேரத்துக்கு நிறுத்துங்கள். நாற்காலிகளை மேடைக்கு அருகில் இழுத்துப் போடுங்கள், அருகில் உட்கார்ந்தவர் பேசத் தயங்குவார். விழா என்றால், பக்கத்து மேடையில் பறையும் டிரம்மும் முழங்கும் நேரத்தில் தனிப் பாடகரை ஏற்றாதீர்கள். பெரிய குழு ஒன்றுக்கு மேடை தயாராகும்வரை நேரத்தை ஓட்டவும் எங்களை ஏற்றாதீர்கள். எங்கள் பின்னால் கம்பிகளை இழுத்துக்கொண்டு ஆட்கள் நடமாட, டிரம்மைத் தட்டிச் சரிபார்க்க, நடுவில் நின்று ஒரு தாலாட்டைப் பாடுவது எவ்வளவு வேதனை என்று அனுபவித்தவருக்குத்தான் தெரியும்.

சவுண்ட் செக், அதாவது நிகழ்ச்சிக்கு முன் ஒலியைச் சரிபார்ப்பது பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். "ஒரு மைக், ஒரு கிட்டார்தானே, அப்படியே ஏறிவிடுங்கள்" என்பது அடிக்கடி கேட்கும் பேச்சு. ஒன்றே ஒன்று இருப்பதால்தான் அது சரியாக இருக்க வேண்டும். மரக் கிட்டாரின் வயிறு காற்றுக்கு அதிரும் பெட்டி, எந்தக் கூடத்தில் எந்தச் சுருதியில் ஊளையிடும் என்பது வாசித்துப் பார்த்தால்தான் தெரியும். கூட்டம் வருவதற்கு முன் இருபது நிமிடம், கிட்டாரை ஒலிக்கருவியோடு இணைக்க ஒரு நல்ல டிஐ பாக்ஸ், எங்கள் குரல் எங்களுக்குக் கேட்க ஒரு மானிட்டர் போதும். எந்தப் பெரிய குழுவின் தேவையோடும் ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை.

நிகழ்ச்சி முடிந்ததும் எங்கள் மேசையைப் பற்றி. ஆல்பம், பாட்டுப் புத்தகம், டி-சட்டை என்று கொஞ்சம் விற்கிறோம். சில அரங்குகள் அதிலும் பங்கு கேட்கின்றன. அந்த மேசைதான் பல இரவுகளில் எங்கள் திரும்பும் பயணச்சீட்டு. பிரிட்டனில் கலைஞர்களின் கூட்டமைப்பு ஒன்று 2022இல், விற்பனையில் பங்கு கேட்காத அரங்குகளின் பட்டியலை வெளியிடத் தொடங்கியது. உலகின் மிகப் பெரிய நிகழ்ச்சி நிறுவனமான லைவ் நேஷனே 2023இல் தன் சிறு அரங்குகள் பலவற்றில் அந்தப் பங்கைக் கைவிட்டது. அவர்களால் முடிந்தது உங்களாலும் முடியும். வாசலுக்கு அருகில், வெளிச்சம் விழும் இடத்தில் ஒரு மேசை கொடுங்கள்.

"எல்லோருக்கும் தெரிந்த பாட்டு ரெண்டு பாடுங்களேன்." இதைக் கேட்காத அமைப்பாளர் குறைவு. கூட்டம் சலித்துவிடுமோ என்ற உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. சில நேரம் மனம் விரும்பியே பழைய நாட்டுப்பாடல் ஒன்றைப் பாடுவோம். அது எங்கள் வேர், அதைப் பாடுவதில் எங்களுக்கு மகிழ்ச்சிதான். ஆனால் ஒருவரின் சொந்தப் பாட்டுகளுக்காகக் கூப்பிட்டுவிட்டு, மேடையில் பாதிப் பாட்டுகளை மாற்றச் சொல்வது அவரைக் கூப்பிட்டதையே இல்லாமல் ஆக்கிவிடுகிறது. இன்று எல்லோருக்கும் தெரிந்த ஒவ்வொரு பாட்டையும் யாரோ ஒருவர், அதை யாருமே கேட்டிராத ஒரு கூட்டத்தின் முன், ஒருநாள் முதல்முறையாகப் பாடத்தான் செய்தார்.

பாடக்கூடாத பாட்டு என்ற பேச்சும் வருகிறது, பெரும்பாலும் மேடையேறுவதற்குக் கொஞ்ச நேரம் முன்பு. "அந்த நிலம் பற்றிய பாட்டு வேண்டாமே, சிறப்பு விருந்தினர் சங்கடப்படுவார்." நாட்டுப்பாடல் எப்போதும் நிலத்தையும் கூலியையும் பஞ்சத்தையும் பாடித்தான் வந்திருக்கிறது. அதை நீக்கிவிட்டால் மீதி இருப்பது அலங்காரம். அமெரிக்க நாட்டுப்பாடகர் பீட் சீகரை நினைத்துக்கொள்ளுங்கள். 1955இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு அவருடைய அரசியல் தொடர்புகளைக் கேட்டபோது பதில் சொல்ல மறுத்தார். 1961இல் தண்டனை விதிக்கப்பட்டது, 1962இல் மேல்முறையீட்டில் ரத்தானது. பெரிய தொலைக்காட்சி நிறுவனங்கள் 1967 வரை அவரை உள்ளே விடவில்லை. அந்த ஆண்டுகளில் அவர் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் குழந்தைகள் முகாம்களிலும் பாடிப் பிழைத்தார். அங்கே அவரைக் கூப்பிட்ட ஆசிரியர்கள், மாணவர் மன்றத்துக்காரர்கள், முகாம் பொறுப்பாளர்கள் யார் பெயரும் இன்று பெரிதாக யாருக்கும் தெரியாது. அவர்களுக்கும் மேலிடத்தின் நெருக்கடி இருந்திருக்கும். ஆனாலும் கதவைத் திறந்தார்கள். அங்கே அவர் பாட்டைக் கேட்ட பிள்ளைகளில் பலர்தான் அடுத்த பத்தாண்டில் கிட்டாரோடு கிளம்பினார்கள். உங்கள் இடத்தில் இருந்தவர்கள் செய்த காரியம் இது. இதை விடப் பெரிதாக உங்களைப் பற்றி என்னால் சொல்ல முடியாது. ஒரு பாட்டு உங்களுக்கு ஒவ்வாது என்றால் கூப்பிடும்போதே சொல்லுங்கள், வருவதா வேண்டாமா என்று நாங்கள் முடிவு செய்துகொள்கிறோம்.

பெயர் போடுவதிலும் அக்கறை வேண்டும். "நாட்டுப்பாடல்" என்று அறிவித்தால் அது யாரோ எப்போதோ பாடியது, கேட்பாரற்றது என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அமெரிக்கக் கறுப்பினப் பாடகி எலிசபெத் காட்டன் சிறுமியாக இருந்தபோது ரயிலைப் பற்றி ஒரு பாட்டுக் கட்டினார். பல பத்தாண்டுகள் வீட்டுவேலை செய்து வாழ்ந்தார். 1950களில் அந்தப் பாட்டு கடல் கடந்து இங்கிலாந்தில் பரவியபோது வேறு இருவர் தங்கள் பெயரில் பதிவு செய்துகொண்டார்கள், அது பெரிய வெற்றியும் பெற்றது. அவருக்குரிய பெயர் திரும்பி வரப் போராட வேண்டியிருந்தது. தொண்ணூறு வயதைத் தாண்டிய பிறகு, 1985இல், மேடைப் பதிவு ஒன்றுக்காக அவருக்குக் கிராமி விருது கிடைத்தது. இடது கைக்காரர் என்பதால் கிட்டாரைத் தலைகீழாகப் பிடித்து அவர் வாசித்த முறையை இன்று உலகமெங்கும் கற்கிறார்கள். அவ்வளவு அழகான பாட்டை "யாரோ பாடியது" என்று ஒதுக்கி வைக்க மனம் வந்ததே என்பதுதான் எனக்கு ஆறாத வருத்தம்.

அதனால் அழைப்பிதழில் "எழுதிப் பாடுபவர்" என்று போடுங்கள். நிகழ்ச்சியைப் படம்பிடித்து முழுப் பாட்டையும் இணையத்தில் ஏற்றுவதாக இருந்தால் முன்பே கேளுங்கள். இன்னும் வெளியாகாத பாட்டு ஒன்று, கூட்டத்தின் இருமலோடு முதல்முறையாக உலகத்துக்குப் போய்விடுவது எங்களுக்குப் பெரிய இழப்பு. பொது இடத்தில் பாட்டு பாடப்படுவதற்கு உரிமத் தொகை வசூலிக்கும் சங்கங்கள் பல நாடுகளில் இருக்கின்றன. அரங்குகள் அதற்குக் கட்டணமும் கட்டுகின்றன. எந்தப் பாட்டு பாடப்பட்டது என்ற பட்டியல் போகவில்லை என்றால் அந்தப் பணம் எழுதியவரைத் தேடி வராது. எங்கள் செட் லிஸ்ட்டை வாங்கி அனுப்பிவைக்க உங்களுக்கு ஐந்து நிமிடம் ஆகும். நீங்கள் ஏற்கெனவே கட்டிய பணத்தில் ஒரு பங்கு அந்த இரவு பாடியவருக்கே போய்ச் சேரும்.

தனியே பயணம் செய்யும் பெண்களைப் பற்றி ஒரு சொல். நிகழ்ச்சி முடிய நள்ளிரவு ஆகும் என்றால் தங்கும் இடம் எது, அங்கே எப்படிப் போவது, யாருடைய எண்ணைக் கூப்பிடுவது என்பதை அவர்கள் கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள். எத்தனை நல்ல பாடகிகள் இந்த ஒரு காரணத்தால் வெளியூர் நிகழ்ச்சிகளை விட்டிருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரிந்தால் கலங்கிப் போவீர்கள்.

உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியாமல் இல்லை. வாடகை, மின்கட்டணம், அனுமதிகள், அக்கம்பக்கத்தாரின் புகார் எல்லாம் உங்கள் தலையில். பிரிட்டனில் மட்டும் 2023ஆம் ஆண்டில் 125 சிற்றரங்குகள் நேரடி இசையை நிறுத்தின. அரங்கு மூடினால் முதலில் தெருவுக்கு வருவது நாங்கள்தான், எனவே நீங்கள் நஷ்டப்பட வேண்டும் என்று நாங்கள் ஒருபோதும் விரும்ப மாட்டோம். பெரிய மைதான நிகழ்ச்சிகளின் டிக்கெட்டிலிருந்து சிறு தொகை எடுத்துச் சிற்றரங்குகளுக்குத் தர வேண்டும் என்று அங்கே பல வருடமாகக் கேட்டு வருகிறார்கள். அப்படிப்பட்ட கோரிக்கையை நீங்கள் எழுப்பினால் கையெழுத்துப் போடவும் வந்து பாடவும் நாங்கள் முன்னால் நிற்போம். ஆனால் நெருக்கடி வரும்போது முதலில் வெட்டப்படுவது பாடுகிறவரின் தொகைதான் என்ற பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். மாதத்தில் நான்கு நிகழ்ச்சியை இரண்டாகக் குறைத்து, அந்த இரண்டையும் ஒழுங்காகச் செய்யுங்கள். பாடுகிறவருக்கும் அது நல்லது, கேட்க வருகிறவருக்கும் நல்லது.

அடுத்த முறை எங்களில் ஒருவருக்கு நீங்கள் அனுப்பும் முதல் செய்தியிலேயே தொகை எவ்வளவு, என்றைக்குக் கிடைக்கும், எத்தனை மணிக்கு சவுண்ட் செக், கூட்டம் உட்கார்ந்து கேட்குமா நின்று பேசுமா, எங்கே தங்குவது என்று எழுதுங்கள். தொகை உங்களால் முடிந்த அளவே இருக்கட்டும். இவை அத்தனையும் எழுதியிருக்கும் ஒரு செய்திக்கு எங்களில் யாரும் தாமதமாகப் பதில் அனுப்ப மாட்டோம். இந்த மடலில் உங்களுக்கு உடன்பாடு இல்லாதது எதுவானாலும் அதையும் எழுதுங்கள். உங்கள் பக்கத்துக் கணக்கைக் கேட்க நான் தயாராக இருக்கிறேன்.

அன்புடன்,
தன் பாட்டைத் தானே எழுதிப் பாடும் ஒருவர்